பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்களா?



பழைய காரை வாங்கி, சீர்செய்து, சாயம் அடித்து, தாழ்த்தி ஓட்டுவதில் நம் பிள்ளைகளுக்குத் தனி ஆசை. டட்சன் 120ஒய், டொயோட்டா கேஇ70, மோரிஸ் மைனர் என்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இவை இன்னும் கண்ணில் படுகின்றன. காரைத் தாழ்த்தியபின் பின்பக்க ஸ்பிரிங்குக்கு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் பலருக்குத் தீராமல் இருக்கிறது. இந்த இதழில் அதைப் பற்றி எழுதும்படி ஒரு கடிதம் வந்துவிட்டது.

கிள்ளானிலிருந்து ஓர் இளைஞர் எழுதுகிறார்: "ஐயா, என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் ஓட்டிய மோரிஸ் மைனர் இப்போது என்னிடம் இருக்கிறது. போன வருடம் அதை 3 அங்குலம் இறக்கினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டங்' என்று இடிக்கிறது. தை மாதம் தங்கையின் கல்யாணம். அவளைத் தாத்தா காரில்தான் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு அழைத்துப் போகவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பாட்டி மட்டும் அதில் ஏறவே மாட்டேன் என்கிறார். பட்டறையில் கேட்டால், பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நான்கு கம்பியும் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள புதுச் செட்டைப் போடச் சொல்கிறார்கள். என் சேமிப்பு முழுக்க அதற்கே போய்விடும். போடலாமா?"

இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்வதைவிட நேரில் பார்த்துச் சொல்வது நல்லது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன்.

காரைப் பார்க்குமுன்பே பாட்டியைப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், நான் வந்த காரணத்தைக் கேட்டதும் சொன்னார்: "இவன் தாத்தா ஓட்டுனப்ப செம்மண் ரோட்டுல போனாலும் இடுப்பு வலிச்சதில்ல, தம்பி. இப்ப தார் ரோட்டுல போனாலே உசிரு போவுது. இந்தக் காடியில நான் வரல."

பாட்டி சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறைக் கருவியும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்காது.

பேரனை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டு வரிசையைத் தாண்டுவதற்குள் இரண்டு மேடு. இரண்டிலும் என் தலை கூரையைத் தொட்டது. "நீ எப்போதாவது இங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றார். ஓட்டுகிறவர் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கிறார். பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் பின் சீட்டில் உள்ளவர்தான். அங்கே விழும் அடி முன்னால் இருப்பவருக்குப் பாதிகூடத் தெரியாது.

மோரிஸ் மைனர் மெத்தனமாகச் செய்த கார் அல்ல. 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது முதன்முதலில் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959இல் மினி காரையும் கொடுத்தவர். 1960ஆம் ஆண்டின் முடிவுக்குள் மோரிஸ் மைனர் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிரிட்டனில் செய்யப்பட்ட கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுவே. 1971 வரை அதன் உற்பத்தி நடந்தது. முன்பக்கம் முறுக்குக் கம்பி ஸ்பிரிங். பின்பக்கம், லாரிகளில் பார்ப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். அதனுடன் கை வைத்த பழைய மாதிரி எண்ணெய் அப்சோர்பர்.

இந்தப் பட்டை ஸ்பிரிங்கைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது மூன்று வேலை செய்கிறது. முதலாவது, காரின் பாரத்தைத் தாங்குகிறது. இரண்டாவது, ஆக்சில் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்து, சக்கரம் தரும் உந்துதலைக் காருக்குக் கொடுக்கிறது. மூன்றாவது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் காக்கிறது. சுருள் ஸ்பிரிங் பாரத்தை மட்டுமே தாங்கும். மற்ற இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கம்பிகள் வேண்டும். பட்டறைக்காரர் சொன்ன 'நான்கு கம்பி' அதற்குத்தான்.

ஸ்பிரிங் வேறு, அப்சோர்பர் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் குழந்தைக்கு ஸ்பிரிங் தொட்டில் கட்டுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். குழந்தையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒருமுறை இழுத்துவிட்டால் தொட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். தாய் கையை வைத்தால்தான் அடங்கும். அந்தத் தாயின் கைதான் அப்சோர்பர். கை எவ்வளவு பலமாக இருந்தாலும், தொட்டில் தரையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்வாகக் கட்டியிருந்தால் குழந்தைக்கு அடிபடத்தான் செய்யும். தாழ்த்திய காரில் நடப்பது இதுவே.

ஜாக் வைத்துத் தூக்கி, இரும்புத் தாங்கி கொடுத்து, அடியில் படுத்துப் பார்த்தேன். (ஜாக்கை மட்டும் நம்பி எந்தக் காரின் அடியிலும் போகாதீர்கள். அப்படிப் போய் வராதவர்கள் உண்டு.) அங்கே மூன்று குறை இருந்தது.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் 1½ அங்குலக் கட்டை ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்திருந்தார்கள். அவற்றைப் பிடித்திருந்த யூ போல்ட்டில் ஒன்று தளர்ந்திருந்தது. ஆக்சில் மேலே வந்தால் தாங்கவேண்டிய ரப்பர் முட்டு இரண்டும் நொறுங்கிப் போயிருந்தன. வலது பக்கத் தலைப்பட்டையில், கண்ணுக்கு அருகில், நகக்கீறல்போல ஒரு வெடிப்பு.

மூன்றாவதைக் காட்டியதும் அந்தத் தம்பியின் முகம் மாறிவிட்டது. தலைப்பட்டை முறிந்தால் ஆக்சிலின் ஒரு பக்கம் பின்னால் போய்விடும். கார் தானாகத் திரும்பும். கூட்டரசு நெடுஞ்சாலையில், துறைமுக லாரிகளுக்கு நடுவில், கல்யாணப் பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு அது நடந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து கார் கொட்டகையில் நின்றது.

இனி, ஏன் இடிக்கிறது என்பதைப் பார்ப்போம். ஆக்சிலுக்கும் ரப்பர் முட்டு இருக்கவேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். ஆள் இல்லாமல் 1 அங்குலம். பின் சீட்டில் மூவரை உட்கார வைத்தபோது ஒரு விரல்கூட நுழையவில்லை. அந்த இடைவெளிதான் ஸ்பிரிங் வேலை செய்யும் இடம். இடம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல்தான். ரோட்டில் விழும் அடி நேராகப் பாட்டியின் இடுப்புக்குப் போகிறது.

அப்படியானால் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்பிரிங்கை மட்டும் கணக்கெடுத்தால், ஓடும் இடம் பாதியாகும்போது அதே அடியைத் தாங்க அது நான்கு மடங்கு கெட்டியாக இருக்கவேண்டும். நான்கு மடங்கு கெட்டியான காரில் எந்தப் பாட்டி ஏறுவார்?

ஓட்டப்பந்தயக் கார்கள் தாழ்வாகத்தானே இருக்கின்றன என்பார்கள் பிள்ளைகள். உண்மைதான். பாரம் தாழ்வாக இருந்தால் வளைவில் சாய்வது குறையும். ஷா ஆலம் பத்து தீகா பந்தயத்தடம் 1968இல் திறந்து 2003இல் மூடும்வரை அங்கே எத்தனையோ தாழ்ந்த கார்கள் ஓடின. ஆனால் அது பந்தயத்துக்கென்றே போட்ட பாதை. காரில் ஒரே ஆள். பின் சீட்டையே கழற்றியிருப்பார்கள். நாம் போவது தோட்டத்துச் செம்மண் பாதையிலும் தாமான் மேடுகளிலும். பின்னால் மூன்று பேர், மடியில் குழந்தை, காலடியில் பலகாரக் கூடை.

ஆகவே, தாழ்த்திய காருக்கு நீங்கள் தேடவேண்டியது கெட்டித்தனம் அல்ல. ஸ்பிரிங் ஓட இடமும், அந்த ஓட்டத்தை அடக்கும் கையும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்கும் ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

முதல் வழி, கட்டை. விலை குறைவு. ஸ்பிரிங்கின் தன்மையை மாற்றாது. ஆனால் ஆக்சிலைப் பட்டையிலிருந்து தள்ளி வைப்பதால், எக்ஸலேட்டரை மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் பட்டையை முறுக்கும். கட்டை உயர உயர முறுக்கும் கூடும். வைத்தே ஆகவேண்டுமானால் இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரே கட்டை, நடு ஆணி பொருந்தும்படி, அதற்கேற்ற நீள யூ போல்ட்டுடன். 1½ அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு கட்டையை அடுக்குவது கூடவே கூடாது.

இரண்டாவது வழி, பட்டைகளில் சிலவற்றைக் கழற்றிவிடுவது. கார் உடனே இறங்கும். மிச்சமுள்ள பட்டைகள் எல்லாப் பாரத்தையும் சுமந்து முறியும். நெருப்பில் காய்ச்சி வளைப்பதும் அப்படித்தான். பதம் போய்விட்டால் அது ஸ்பிரிங் அல்ல, வெறும் இரும்பு. கேஇ70 போன்ற சுருள் ஸ்பிரிங் காரில் சுருளை வெட்டுகிறார்களே, அதுவும் இதே தவறுதான். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவும்.

மூன்றாவது வழி, எண்ணிக்கை குறையாமல், வளைவு மட்டும் குறைத்துச் செய்த புதுப் பட்டைச் செட்டு. ஸ்பிரிங் வேலை தெரிந்தவர்கள் இதைச் சூடாக்காமல் அமைத்துத் தருவார்கள். கட்டை தேவைப்படாது. ஆகவே கூடுதல் முறுக்கும் இல்லை. குடும்பத்துக்கு ஓட்டும் காருக்கு என் மனம் ஒப்புவது இதைத்தான்.

நான்காவது, அப்சோர்பரை மாற்றுவது. பழைய கை மாதிரி அப்சோர்பர் எண்ணெய் ஒழுகாமல், நன்றாக வேலை செய்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். தேய்ந்திருந்தால் குழாய் மாதிரி அப்சோர்பருக்கு மாறலாம். இதில் நீளம்தான் முக்கியம். கார் தரையில் நிற்கும்போது அதன் தண்டு ஏறக்குறைய நடுவில் இருக்கவேண்டும். ஆக்சில் ரப்பர் முட்டைத் தொடுமுன் அப்சோர்பர் உள்ளே முட்டிவிட்டால் அது உடையும், அல்லது பிடித்திருக்கும் தகட்டைக் கிழிக்கும். மேல் முனையைத் துருப்பிடித்த தகட்டில் மாட்டாதீர்கள். கெட்டித்தனத்தைத் திருகி மாற்றும் மாதிரியை வாங்கினால், மிக மெதுவான நிலையிலிருந்து தொடங்கி ஏற்றுங்கள்.

ஐந்தாவது, நான்கு கம்பியும் சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட செட்டு. இது கெட்ட பொருள் அல்ல. சரியாகச் செய்தால் ஆக்சிலைப் பட்டையைவிட நன்றாகப் பிடிக்கும். பெரிய இஞ்சின் மாற்றியவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் கம்பிகளைப் பிடிக்கும் முனைகளைக் காரின் உடலில் பற்றவைக்க வேண்டும். மோரிஸ் மைனருக்கு லாரிபோல் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். அந்த இடங்களை உள்ளிருந்து பலப்படுத்தாமல் பற்றவைத்தால் தகடு கிழியும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பி, கார் நிற்கும்போது தரைக்குச் சமமாக இருக்கவேண்டும். சாய்ந்திருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். இவ்வளவும் செய்தபிறகும், காரை 3 அங்குலம் இறக்கியே வைத்திருந்தால் ஸ்பிரிங் ஓட இடம் 1 அங்குலம்தான். செலவு மட்டும் கூடியிருக்கும்!

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், வாகனத்தின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வேலையைத் தொடங்குமுன் ஜேபிஜே அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்வதில் பயன் இல்லை.

கிள்ளான் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "கட்டை இரண்டையும் கழற்றி எறி. வளைவு 1½ அங்குலம் குறைத்த புதுப் பட்டைச் செட்டு, புது யூ போல்ட், புது ரப்பர் முட்டு. உன் அப்சோர்பர் இரண்டும் ஒழுகுகின்றன, அதற்குச் சரியான நீளத்தில் குழாய் அப்சோர்பர். முன்பக்கத்தையும் அதே அளவுக்கு ஏற்று, இல்லாவிட்டால் விளக்கின் வெளிச்சம் தரையைப் பார்க்கும். நான்கு கம்பிச் செட்டு உனக்கு வேண்டாம். மிச்சமாகும் பணம் தங்கையின் கல்யாணத்துக்கு ஆகட்டும்."

கொஞ்சம் முகம் வாடினார். 3 அங்குலம் 1½ ஆனால் அழகு பாதி போய்விடுமே என்ற கவலை. வயது அப்படி. "சாலையில் நிற்கிறவன் ஒரு நிமிஷம் பார்ப்பான் தம்பி, பாட்டி கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை உட்காரவேண்டும்" என்றேன். சிரித்துவிட்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தாழ்த்திய கார் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இவற்றைச் செய்து பாருங்கள். சல்லிக்காசு செலவில்லை.

பின் சீட்டில் மூவரை உட்காரவைத்து, ஆக்சிலுக்கும் ரப்பர் முட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு விரல்கூட நுழையாவிட்டால் கார் மிகத் தாழ்ந்துவிட்டது.

பின் மூலையை அமுக்கிவிடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் அப்சோர்பர் நல்லது. ஆடிக்கொண்டே இருந்தால் அதன் காலம் முடிந்தது.

பட்டைகளைத் துடைத்து, வெளிச்சத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். டயரின் உள்பக்கத்திலும் மேல்வளைவிலும் உரசல் தடம் உண்டா என்று பாருங்கள். பிரேக் குழாய் எங்கும் நசுங்காமல், இழுபடாமல் இருக்கவேண்டும்.

புது ஸ்பிரிங் போட்டவர்கள், புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கவேண்டாம். கார் தன் பாரத்தில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 100 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

பழைய கார் வெறும் இரும்பு அல்ல என்பது எனக்குத் தெரியும். தோட்டம் துண்டாகி, லயம் இடிந்து, சொந்தபந்தம் ஆளுக்கொரு தாமானாகப் பிரிந்தபின், அந்த நாளிலிருந்து நம்மோடு மிஞ்சி வந்தவை சிலதான். அதில் ஒன்று தாத்தாவின் கார் என்றால் அதை அழகுபடுத்தத் தோன்றுவது இயல்பு. ஆனால் தாத்தா அந்தக் காரை அழகுக்காக வைத்திருக்கவில்லை. பிரசவ வலி எடுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பரீட்சைக்கு அழைத்துப்போகவும் வைத்திருந்தார் என்று பாட்டி சொன்னார். ஆள் ஏற முடியாத காராக அது ஆகிவிடக்கூடாது.

வேலை முடிந்ததாகப் போன வாரம் அந்தத் தம்பி போன் செய்தார். பாட்டியைப் பின்னால் உட்காரவைத்து, காப்பார் வரை போய் வந்தாராம். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'இன்னும் கொஞ்சம் ஆடுது. ஆனா கல்யாணத்துக்கு வரலாம்'னு சொன்னாங்க, ஐயா."

அடுத்த இதழில், பழைய கார்களின் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். அதுவரை மெதுவாக ஓட்டுங்கள், நலமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.